கெண்டி விடாத கெண்டிச் செடி

வீட்டில் கெண்டிச் செடி வளர்க்கிறவனிடம் எல்லோரும் கேட்கிற முதற் கேள்வி, "இது ஆளைத் தின்னுமோ?" என்பதுதான். தின்னாது. எறும்பு, நுளம்பு, வழி தவறி வந்த கரப்பான் குஞ்சு, அவ்வளவுதான் அதன் சாப்பாடு. ஆளைத் தின்னுகிற சாமான்கள் யுத்தம் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் வேறு இருந்தன. அதற்கு ஒரு செடி தேவைப்படவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தச் செடியின் இலை நுனி நீண்டு, நூல் மாதிரி இறங்கி, முனையில் மூடி போட்ட ஒரு சின்னக் கெண்டியாகத் தொங்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். விளிம்பில் தேன் மாதிரி ஒன்று கசியும். அதை நக்க வருகிற எறும்பு வழுக்கி உள்ளே விழும், பிறகு வெளியே வராது. எங்கள் நாட்டில் தெற்கே மழைக்காட்டு ஓரங்களில் தானாக முளைக்கிறது. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். அங்குள்ள சனம் அதன் கொடியை வெட்டி வேலி கட்டுவார்கள். நான் அதைச் சட்டியில் வைத்துத் தாலாட்டினேன் என்றால், அதை என் விசர் என்றுதான் சொல்லவேண்டும். என் மனைவி அப்படித்தான் சொன்னாள்.

நாங்கள் இருவரும் கொழும்பில் தமிழர் கூட இருக்கிற வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மேல்மாடி ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளார்க். அவள் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் என்னைவிட நன்றாகக் கதைப்பாள், மீன் வாங்குவதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த சிங்களச் சிநேகிதர் ஒருவர்தான் முதற் செடியைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய ஊர் மத்துகமைப் பக்கம். பொலித்தீன் பையில் ஈர மண்ணோடு தந்துவிட்டு, "உங்கட வெள்ளவத்தைக் காத்துக்கு ஒரு கிழமை தாங்காது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அதை வளர்த்துக் காட்டினேன்.

வளர்ப்பது லேசில்லை. கடற்காற்றின் உப்பு ஆகாது, ஆகவே கிழக்குப் பக்கத்துப் பல்கனி. பைப் தண்ணீர் ஆகாது, ஆகவே கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பீப்பா. தேங்காய்ப் பொச்சுத் துண்டு, மரக்கரி, கழுவின ஆற்றுமணல், இதுதான் மண். உரம் மட்டும் போடவே கூடாது. சத்தில்லாத மண்ணில் நின்று பசி கிடந்து பழகின செடி இது. வேரில் சாப்பாடு கிடைக்காததால்தான் எறும்பு பிடிக்கக் கெண்டி விடுகிறது. உரத்தைப் போட்டால் இலை மட்டும் பெரிதாக, பச்சைப் பசேலென்று வரும். நுனியில் நூல் தொங்கும், கெண்டி வராது. வயிறு நிறைந்தவன் ஏன் சந்தைக்குப் போகிறான்?

இதையெல்லாம் நான் என் மனைவிக்குச் சொன்னதில்லை. அவளைச் செடிகளைத் தொட விட்டால்தானே சொல்வதற்கு. பல்கனியின் ஒரு மூலை அவளுடைய கறிவேப்பிலைக்கும் துளசிக்கும், மற்ற மூலை எனக்கு. அரிசி கழுவின தண்ணீரும் மீன் கழுவின தண்ணீரும் அவளுடைய மூலைக்கு. அவளுடைய கறிவேப்பிலை அந்த ஒழுங்கையிலேயே பேர் போனது. எங்கள் வீட்டுக்காரி அடிக்கடி வந்து ஒரு நெட்டு முறித்துக்கொண்டு போவா.

முதலில் எனக்கே செடியை ஒழுங்காக அடையாளம் காணத் தெரியவில்லை. அடியில் வந்த கெண்டிகள் குண்டாக, முன்பக்கம் இரண்டு வரம்பு போட்டபடி இருந்தன. கொடி ஏறியபிறகு மேலே வந்தவை மெலிந்து, நீண்டு, ஊதுகுழல் மாதிரி இருந்தன. ஒரே பையில் இரண்டு சாதியைத் தந்துவிட்டார் என்று நினைத்து அவரோடு சண்டை பிடிக்கப் போனேன். பிறகுதான் விளங்கியது: இரண்டும் ஒரே செடிதான். அடிக்கெண்டியில் நூல் முன்பக்கமாக வந்து சேரும், மேல்கெண்டியில் முதுகுப் பக்கமாகச் சேரும். இலங்கைக் காட்டில் இருப்பது ஒரே ஒரு இனம், அதில் குழம்ப ஒன்றுமில்லை. குழப்பம் எல்லாம் ஆணா பெண்ணா என்பதில்தான். பூக்கும் வரைக்கும் சொல்ல முடியாது. பூத்தால், காம்பு நுனியில் மஞ்சள் மகரந்தம் உருண்டையாக நின்றால் ஆண், பச்சையாகச் சின்னச் சூல் திரண்டு நின்றால் பெண். ஒரு செடியில் இரண்டும் வராது.

என்னுடையவை எல்லாம் முதற் செடியிலிருந்து வெட்டி நட்டவை. ஒரு மழைக்குப் பிறகு பூத்தன. எல்லாம் மஞ்சள் உருண்டை. பல்கனி நிறைய ஆண்கள். கலியாணம் கட்டி வைக்க ஒரு பெண் வேண்டும் என்று எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. விதை எடுத்து முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

சிநேகிதர் தன் ஊரில் அம்மாவின் வயலுக்குப் பின்னால் பூத்த கொடிகள் இருக்கின்றன, வந்து வெட்டிக்கொண்டு போ என்றார். போனேன். பெண் கொடி ஒன்றைக் கண்டேன். இரண்டு கணு வைத்து நாலைந்து துண்டு வெட்டினேன். வெட்டின வாயில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகத் தூள் பூசவேண்டும், ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கந்தகம் கொண்டுபோயிருந்தேன். துண்டுகள் அழுகாமல் வீடு வந்து சேர ஈரப் பாசியோடு மரக்கரித் தூள் சேர்த்துச் சுற்றவேண்டும், ஆகவே ஒரு பையில் கரித் தூள். ஒரு கத்தி, கொஞ்ச நைலோன் நூல்.

இப்போது இதை வாசிக்கிறவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. செடி வளர்க்கிறவனுக்குக் கந்தகம் என்றால் பூஞ்சணம்தான் நினைவுக்கு வரும். திரும்பி வருகிற வழியில் களுத்துறைப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ்ப் பேர், வெள்ளவத்தை விலாசம். பையை மேசையில் கொட்டச் சொன்னார்கள். இராணுவப் பையன் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். அடுத்த பையைத் திறந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனான். அவன் பின்னால் போன விதத்தில்தான் என் கையில் இருப்பது என்ன என்று எனக்கே தெரிந்தது. கந்தகமும் கரியும். வெடிமருந்துக்கு இன்னும் ஒரு சாமான்தான் குறை, அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்றுதான் அதன்பிறகு பல கிழமைகளுக்கு என்னைக் கேட்டார்கள்.

அடித்தார்கள். அதை இங்கே விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. அடியாத மாடு படியாது என்பார்கள், அடித்தாலும் படிவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. செடிக்கு என்றேன். எந்தச் செடிக்கு என்றார்கள். வீட்டுப் பல்கனியில் நிற்கிறது என்றேன், ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. கொண்டுவந்த துண்டுகள் மேசையிலேயே வாடிக் குப்பைக்குப் போய்விட்டன. துண்டில் கெண்டியும் இருக்கவில்லை, வெட்டும்போதே கழித்துவிட்டேன், பையில் நசியும் என்று. கந்தோர்ச் சிநேகிதரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்களாம். அவர் எனக்குச் செடி ஒன்றும் தரவில்லை, என்னை அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்தன. அவரில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. செடிகளைப் படமாவது பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழன் கமெரா வைத்திருப்பது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வது மாதிரி. அப்படிப் புத்தியாக நடந்த நான்தான் கந்தகத்தோடு பஸ் ஏறினேன்.

மாதங்கள் போயின. இடம் மாற்றினார்கள். புதிய இடத்தில் என் கோப்பு ஒரு விசாரணை அதிகாரியிடம் வந்தது. ஐம்பது வயது மதிக்கலாம், கண்ணாடி போட்ட மனிதர். அவர்தான் முதல்முறையாக என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னவர். சிங்களத்தில் கேட்டார்.

"என்ன செடி?"

"பாந்துரா, சேர்."

அவர் பேனையை வைத்துவிட்டார். தன்னுடைய ஊர் ஹொரணைக்கு அங்காலே என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூடி திறக்காத கெண்டியாகப் பார்த்துப் பிய்த்து, உள்ளே இருக்கிற தண்ணீரைக் குடிப்பார்களாம். "பாந்துராவைச் சட்டியில வளக்கலாமா? வெள்ளவத்தையிலா?" என்று கேட்டார். நான் சொன்னேன். பீப்பா, மழைத் தண்ணீர், பொச்சு, கரி, கந்தகம், ஆண், பெண், எல்லாம். அத்தனை மாதங்களில் ஒரு மனிதன் நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது.

"எவ்வளவு கெண்டி இருக்கும்?"

"பல்கனி நிறைய, சேர். நீங்கள் போய்ப் பாருங்கோ. ஒரு கெண்டி கண்டாலே உங்களுக்கு விளங்கும்."

"நானே போறன்" என்றார். "இருந்தால் நான் எழுதிறன். உன்ன வச்சிருக்க வேற ஒண்டும் இல்ல."

அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். பக்கத்தில் கிடந்தவனை எழுப்பி என் கெண்டிகளைப் பற்றிச் சொன்னேன். என் விடுதலை பல்கனியில் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு வரி போட்ட குண்டுக் கெண்டிகள், ஒரு குருடனுக்கும் தெரியும்.

அவர் திரும்ப என்னைக் கூப்பிட நாலைந்து நாள் எடுத்தது. இந்த முறை கதிரை இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். "பாந்துரா நே" என்றார். பாந்துரா இல்லை. "கொள வித்தரய்." இலை மட்டும்தான். குரலை உயர்த்தவில்லை. "உன்ர பொம்பிளயட்டயே கேட்டன். அப்பிடி ஒரு சாமான் எங்கட வீட்டில எந்த நாளும் இருக்கேல்ல எண்டு சொன்னா." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் உன்ன நம்பினன். அதுதான் எனக்கு வெக்கம்" என்றார். அடித்தவர்களிடம்கூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தமிழன் தன்னுடைய சின்ன வயதை வைத்தே தன்னை ஏமாற்றிவிட்டான் என்கிற முகம்.

என்ன நடந்தது என்று எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. யாரும் களவெடுத்தார்களா, செடி முழுக்கச் செத்ததா? இலை மட்டும் என்றாரே, செத்தால் இலையும் இராதே. அவள் ஏன் இல்லை என்று சொன்னாள்? பைத்தியம் பிடித்தமாதிரி இருந்தது.

அவளை முதல்முறையாகப் பார்க்க விட்டபோது விளங்கியது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். பக்கத்தில் காவலாளி நின்றான். அவள் மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய இருந்தாள். ஆனால் முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. சாப்பாடு, காய்ச்சல், சட்டை என்று கேட்டுவிட்டுத் தானாகவே தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, உங்கட செடியள் இப்ப எப்பிடி நிக்குது தெரியுமோ? நீங்கள் வளத்ததவிட நல்லா. ஒவ்வொரு இலையும் முழங்கை நீளம்."

"என்ன ஊத்திறனீர்?"

"மழத் தண்ணிக்கு நான் எங்க போற? பீப்பாவ டெங்கு எண்டு கவிழ்க்கச் சொல்லிப்போட்டாங்கள். அரிசி கழுவின தண்ணி, மீன் கழுவின தண்ணி, எல்லாம் ஊத்திறனான். என்ர கறிவேப்பிலைக்குக் குறைச்சு உங்கடயளுக்குத்தான் கூட. நீங்கள் வரேக்க அதுகள் சாகக் கூடாதெண்டு."

காட்டில் சின்ன இலையைப் பார்த்து வளர்ந்த அந்த அதிகாரிக்கு, முழங்கை நீள இலையில் பாந்துரா தெரிந்திருக்காது.

"அதில தொங்கின கெண்டியள் எல்லாம் காஞ்சு அழுகி, உள்ளுக்க புழுவும் செத்த எறும்பும். ஊத்தை மணம். எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சு துப்புரவாக்கிப் போட்டன். நல்ல வேளை." குரலைத் தணித்தாள். "போன கிழமை பெரியவர் ஒருத்தர் பொலிஸ்காரரோட வந்தவர். நேர பல்கனிக்குப் போய், கெண்டியள் எங்க, கெண்டியள் எங்க எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவர். அதுக்குள்ளதான் நீங்கள் என்னவோ வச்சனீங்கள் எண்டு பாக்கிறாங்கள் எண்டு விளங்கிச்சு. நான் ஒண்டும் காட்டிக்கொள்ளேல்ல. அப்பிடி ஒரு சாமான் எங்கட வீட்டில எந்த நாளும் இருக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டன். அவர் முகம் கறுத்துப் போய்த் திரும்பிப் போனவர்." சிரித்தாள். "என்ன, நான் சரியாத்தானே சொன்னனான்?"

இது வேறு இடத்து ஆட்களுக்கு விளங்குமோ தெரியாது. அந்த நாட்களில் வெள்ளவத்தையில் கதவைத் தட்டுகிற காக்கிச் சட்டைக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஊரிலிருந்து ஆரும் வந்து தங்கினவையோ? இல்லை. உங்களுக்கு இவரைத் தெரியுமோ? இல்லை. இது உங்கட பையோ? இல்லை. எதைக் கேட்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கேட்பது இல்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவுக்கு அடுத்ததாகப் பழக்கின சொல் அது. இல்லை என்று சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் அந்த ஒழுங்கையில் உயிரோடு இருந்தோம். என் மனைவி என்னைக் காப்பாற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழியால் காப்பாற்றியிருந்தாள்.

எனக்கு அவளில் கோபம் வந்தது. ஒளிப்பதற்கில்லை, வலையை உடைத்துக்கொண்டு கத்த வேண்டும்போல வந்தது. மீன் தண்ணியையோடி ஊத்தினாய், அதுவும் என் செடிக்கென்று அதிகமாகவா ஊத்தினாய். பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன். நான் பிடிபட்டதற்குப் பிறகு அவள் எனக்காகச் செய்த எதுவும் சரிவரவில்லை. எழுதின மனுக்கள், ஏறி இறங்கின வாசற்படிகள், கொட்டாஞ்சேனைக் கோவிலில் வைத்த நேர்த்தி, ஒன்றுமே. இந்த ஒன்றைத்தான் தான் சரியாகச் செய்துவிட்டேன் என்று சிரிக்கிறாள்.

"ஓம்" என்றேன். "சரியாத்தான் சொன்னனீர். நல்ல காரியம்."

அந்த அதிகாரியை இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். மழைத் தண்ணீரை மட்டும் விட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கெண்டி வரும், வந்து பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவரும் சிரித்திருப்பார். ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். என் கோப்பும் வேறு எங்கோ போனது. அதற்குப் பிறகு கடுதாசிகளில் நான் பொய் சொல்லி அதிகாரியைத் திசை திருப்பினவன். அங்கே இரண்டு மழைக்காலம் வந்து போயின. யன்னலில்லாத இடத்திலும் தகரக் கூரையில் மழை விழுவது கேட்கும். அந்தத் தண்ணீரெல்லாம் சும்மா வடிகானில் ஓடுகிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

காரணம் சொல்லாமல் பிடித்ததுபோலவே ஒருநாள் காரணம் சொல்லாமல் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அவள் என்னைக் குளிக்கவிடவும் இல்லை, கையைப் பிடித்துப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கம்பியெல்லாம் ஏறிப் படர்ந்து, கறுத்த பச்சையில், வாழைக்குட்டி இலை மாதிரிப் பளபளவென்று நின்றன. ஒவ்வொரு இலை நுனியிலும் நூல் தொங்கியது. நூல் நுனியில் ஒன்றுமில்லை. "எப்பிடி?" என்றாள். அருமையாக நிற்கிறது என்றேன். அவள் தோளில் கை வைத்தபடி அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துத் தானும் அழுதாள்.

அதன்பிறகு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. அவளுக்கு இது தெரியக் கூடாது. சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் தாங்கள் அன்றைக்குச் செய்த ஒரு சின்னக் காரியத்தை, கடைக்கு அனுப்பினதை, பஸ்ஸில் போ என்று சொன்னதை, வாழ்நாள் முழுக்கச் சொல்லி மார்பில் அடிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அவள் சட்டியில் மீன் தண்ணீர் ஊற்றும்போது நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நாட்களில் அவள் மறந்துபோனால் நானே குசினியிலிருந்து பேசினை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினேன். செடிக்குப் பசி வந்துவிடக் கூடாது என்று காவல் காத்தேன். செடி வளர்க்கிற வேறு எவனும் இப்படி ஒரு பாவத்தைச் செய்திருக்க மாட்டான். என் கையாலேயே நான் அதைச் சோற்றால் அடித்த பிண்டம் ஆக்கினேன்.

பிறகு அவளுடைய தங்கைக்குப் பிள்ளைப்பேறு என்று கொட்டாஞ்சேனைக்குப் போய் நின்றாள். அது ஐப்பசி மழைக்காலம். சாறல் பல்கனிக்குள் நேரே அடித்தது. நான் தனியாகச் சமைத்ததால் வீட்டில் மீனும் இல்லை. சட்டிகளின் அடித் துவாரத்தால் நாள்தோறும் மண்ணிறத் தண்ணீர் ஓடியது. அரிசி தண்ணீரையாவது ஊற்றியிருக்கலாம். ஊற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பார்க்க ஆசையாக இருந்தது. எத்தனை வருட ஆசை, கை நீள மாட்டேன் என்றது.

அவள் நினைத்ததைவிடக் கனகாலம் நின்றாள், தங்கைக்குச் சுகமில்லாமல் போனது. அதற்குள் ஒரு நூலின் நுனி வீங்கியது. வீங்கி, நெல்மணியளவாகி, பெருவிரலளவாகி, மேல்நோக்கி வளைந்து, ஒருநாள் காலை மூடி திறந்து நின்றது. வரி போட்ட சிவப்பு. நாளைக்கு வெட்டுவோம், நாளைக்கு வெட்டுவோம் என்று விட்டேன்.

அவள் சொல்லாமல் வந்தாள். ஓட்டோவில் பைகளோடு வந்து இறங்கி, மேலே ஏறி, தண்ணீர் குடித்துவிட்டுத் தன் கறிவேப்பிலையைப் பார்க்கப் பல்கனிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கெண்டிக்கு முன்னால் நின்றாள். தொடவில்லை.

"இது திரும்ப வருமோ?" என்றாள்.

"சில நேரம்."

"நான் இல்லாதபடியாத்தானே வந்தது." கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே கண். "மீன் தண்ணி கூடாதோ இதுக்கு?"

நான் அவளுடைய பைகளை உள்ளே எடுத்து வைக்கத் திரும்பினேன்.

"அந்தப் பெரியவர் வந்தது இது இருக்கோ எண்டு பாக்கத்தானே. இருந்திருந்தால் உங்கள விட்டிருப்பாங்கள்."

"விசர்க் கதை கதையாதையும். அவங்கள் எப்பிடியும் விட்டிருக்க மாட்டாங்கள்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. ஆதாரம் காட்டினவர்களும் உள்ளே கிடந்தார்கள், அதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தன் சின்ன வயதைச் சொன்ன அந்த மனிதர் எழுதியிருப்பார். அதையும் நான் கண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை, மார்பில் அடிக்கவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். மெதுவாக, கணக்குத் தெரியாத பிள்ளை வாத்தியாரைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னொருக்கா வந்து இது இருக்கோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? ஓம் எண்டோ, இல்லை எண்டோ? நீங்கள் படிச்சவர், சொல்லித் தாங்கோ. நான் பாடமாக்கி வைக்கிறன்."

கீழே காலி வீதிப் பக்கம் பஸ்களை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களை இறங்கச் சொல்லும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அவள் எழும்பிப் போய் எடுத்துவந்து தந்தாள். நான் கெண்டியை வெட்டினேன்.